'டெலிவரி' ஆனது யாருக்கு?

கேஸ் சிலிண்டர் வந்து இறங்கினால் 'டெலிவரி'. கூரியர் பையன் வாசலில் நின்று பெல் அடித்தால் 'டெலிவரி'. ராத்திரி ஒன்பது மணிக்கு பிரியாணிப் பொட்டலம் வந்தால் அதுவும் 'டெலிவரி'. பத்து மாதம் சுமந்து, இடுப்பே கழன்று விழுகிற மாதிரி நோவு தாங்கி, ஒரு பெண் பிள்ளை பெற்றால்..? அதற்கும் நாம் வைத்திருக்கிற பெயர் 'டெலிவரி'தான்!

'சித்த வைத்தியருக்கு இங்கிலீஷ் வார்த்தையில் என்ன வேலை?' என்று நீங்கள் நினைக்கலாம். வேலை இருக்கிறது. நாடியைப் பிடித்துப் பார்ப்பதற்கு முன்னால் எனக்குக் கிடைப்பது நோயாளியின் வாய் வார்த்தை. அவர் எந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டு உள்ளே வருகிறாரோ, அதற்குள்ளேயே அவருடைய பயமும் நம்பிக்கையும் ஒளிந்துகொண்டிருக்கும். சங்கரன்கோவிலில் முப்பது வருஷத்துக்குப் பக்கமாக உட்கார்ந்து வைத்தியம் பார்க்கிறவன் என்கிற முறையில் சொல்கிறேன். பிள்ளை பெற்ற பெண்களின் மனசைப் புண்படுத்துகிற வார்த்தைகளில் முதல் வரிசையில் இருப்பது, பார்க்கச் சாதுவாகத் தெரிகிற இந்த 'டெலிவரி'.

எங்கள் பக்கம் இந்த விஷயத்துக்குச் சொல் பஞ்சம் இருந்ததே இல்லை. மாதக் குளியல் நின்றால் 'முழுகாம இருக்கா'. நாலைந்து மாதமானால் 'வாயும் வயிறுமா இருக்கா'. ஒன்பதைத் தாண்டினால் 'நெறமாசம்'. வலி எடுத்தால் 'நோவு கண்டுட்டு'. அதற்கப்புறம் 'பேறுகாலம்'. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்தபோது பாடத்தின் பெயரே 'சூல் மருத்துவம்' என்றுதான் இருந்தது. நெற்பயிருக்கும் சூல், மழை மேகத்துக்கும் சூல், பெண்ணுக்கும் சூல்! எவ்வளவு அழகான வார்த்தை... இன்றைக்கு அதை யாரிடமாவது சொன்னால், 'அது சூலமா, சூலா?' என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பசு 'கன்னு போட்டுட்டு' என்போம். ஆடு 'குட்டி போட்டுட்டு' என்போம். மனுஷி மட்டும்தான் 'புள்ள பெத்துட்டா'. பெறுவது என்றால் அடைவது, கைக்கு வந்து சேர்வது. பரிசு பெறுகிறோம், பட்டம் பெறுகிறோம், பிள்ளை பெறுகிறோம். 'பேறு' என்றால் பாக்கியம் என்றும் ஒரு பொருள் உண்டு. அரசு ஆஸ்பத்திரிப் பலகையில் 'மகப்பேறுப் பிரிவு' என்று எழுதியிருப்பதைத் தினமும் பார்க்கிறோம். பிள்ளையாகிய பாக்கியத்தை அடைகிற இடம் என்று அதற்கு அர்த்தம். நமக்கு அது எக்ஸ்ரே அறைக்கு அடுத்த அறை!

விடுதலையும் சிறையும்

சரி, இங்கிலீஷ்காரர்கள் மட்டும் என்ன, பிள்ளையைப் பார்சல் என்று நினைத்தா இந்த வார்த்தையை வைத்தார்கள்? இல்லை. 'டெலிவர்' என்ற சொல் லத்தீன் மொழியிலிருந்து பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்தது. அதன் வேர் 'லிபரேரே', விடுவிப்பது. 'லிபர்ட்டி' என்ற சொல்லும் அதே குடும்பம்தான். கிறிஸ்தவ நண்பர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். தீமையிலிருந்து காப்பாற்றும்படி அவர்கள் தினமும் சொல்கிற ஜெபத்தின் இங்கிலீஷ் வடிவத்தில் இருப்பது இந்த 'டெலிவர்'தான். அதைத் தமிழில் 'இரட்சிப்பு' என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆக, பழைய இங்கிலீஷ் வழக்கில் 'டெலிவரி' ஆனது குழந்தை அல்ல... தாய்! பாரத்திலிருந்தும் வலியிலிருந்தும் மரண பயத்திலிருந்தும் அவள் விடுவிக்கப்பட்டாள். 'இன்னார் ஓர் ஆண் குழந்தையிலிருந்து விடுவிக்கப்பட்டார்' என்கிற தோரணையில்தான் அந்தக் காலத்தில் எழுதுவார்கள். நம் காதுக்கு அது விநோதமாக இருக்கும். ஆனால், பிரசவம் என்றாலே உயிர் போய் உயிர் வருகிற சமாசாரமாக இருந்த காலத்தில், 'விடுதலை' என்ற சொல் எவ்வளவு பொருத்தம்! நம்மூரில் 'மறுபிறப்பு' என்கிறோமே, அதே கணக்கு.

பிற்பாடுதான் வார்த்தை புரண்டு படுத்தது. விடுவிக்கப்பட்ட தாய் பின்னால் போனாள். டாக்டர் குழந்தையை 'டெலிவர்' செய்கிறார் என்று ஆயிற்று. சாமான் கொண்டுவந்து ஒப்படைப்பதற்கும் இதே சொல் இருந்ததால், கேட்கிறவர்கள் காதில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டது.

இங்கிலீஷில் இதற்கு இன்னொரு பழைய பெயரும் உண்டு: 'கன்ஃபைன்மென்ட்'. அடைத்து வைத்தல் என்று அர்த்தம். பிள்ளை பெறுகிற சமயத்தில் பெண்ணை ஓர் அறைக்குள் படுக்க வைத்து, வெளியே விடாமல் பார்த்துக்கொள்வார்கள். அதனால் அந்தப் பெயர். ஒரே சம்பவத்துக்கு ஒரு பெயர் விடுதலை, இன்னொரு பெயர் அடைப்பு! ஒரே மொழியில்! பழைய டாக்டர்கள் சீட்டில் 'ஈ.டி.சி.' என்று தேதி போட்டிருப்பார்கள்; அந்தக் கடைசி 'சி' இந்தக் கன்ஃபைன்மென்ட்தான். சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கிற நம் சொந்தக்காரர்கள் பிள்ளை பெற்ற ஒரு மாத ஓய்வை இன்றும் இந்தப் பேரில்தான் சொல்கிறார்கள். சென்னை எழும்பூரில் 1844-ல் தொடங்கிய ஆஸ்பத்திரிக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் 'லையிங்-இன் ஹாஸ்பிட்டல்', படுத்திருக்கிற ஆஸ்பத்திரி. நம்மவர்களுக்கு அது வாயில் நுழையாததாலோ என்னவோ, 'பிள்ளைபெத்த ஆஸ்பத்திரி' என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். இரண்டில் எது உசத்தி என்று நீங்களே சொல்லுங்கள்!

'மருத்துவச்சி' என்ற நம் சொல்லையும் விட மனசில்லை. 'மிட்வைஃப்' என்றால் 'பெண்ணோடு கூட இருப்பவள்' என்று பொருள். நல்ல பெயர்தான். ஆனால் நம் சொல்லுக்கு நேர்ப் பொருள் என்ன? பெண் மருத்துவர்! பேறுகாலம் பார்த்த பெண்மணிக்கு நம் சனங்கள் டாக்டர் பட்டமே கொடுத்து வைத்திருந்தார்கள். திருச்சி மலைக்கோட்டையில் சிவபெருமானே ஒரு தாயின் உருவத்தில் வந்து செட்டிப் பெண்ணுக்குப் பிரசவம் பார்த்ததாகத்தானே கதை? அதனால்தானே அவர் தாயுமானவர்! வாழைத்தார் சாத்துவதாக நேர்ந்துகொண்டு இன்றைக்கும் கர்ப்பிணி வீட்டார் மலை ஏறுகிறார்கள்.

"இது டெலிவரி இல்லை டாக்டரய்யா!"

வார்த்தை விளையாட்டு போதும், விஷயத்துக்கு வருகிறேன்.

விசைத்தறி ஓட்டுகிற குடும்பத்துப் பெண் ஒருத்தி, மாமியாரோடு வந்திருந்தாள். இடுப்பு வலி. மடியில் மூணு மாதப் பிள்ளை, கொழுகொழுவென்று. நான் நோட்டில் எழுதுவதற்காக வழக்கம்போல் கேட்டேன்.

"எத்தனை டெலிவரி ஆச்சு தாயி?"

"டெலிவரியே ஆகல டாக்டரய்யா."

"அப்ப மடியில இருக்கிறது?"

"இது ஆபரேஷன் பண்ணி எடுத்தது."

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். பக்கத்திலிருந்த மாமியார் எடுத்துக் கொடுத்தார்கள்: "இவ எங்க பெத்தா? டாக்டர்மாருல்லா வயித்தைக் கீறி எடுத்துக் கொடுத்தாவ. நான் நாலு பெத்தேன், நாலும் வீட்டுலதான்."

அந்தப் பெண்ணிடம் விசாரித்தால், பதினாலு மணி நேரம் வலியில் துடித்திருக்கிறாள். பிள்ளையின் நாடித்துடிப்பு இறங்கவும், அவசரமாகத் தியேட்டருக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். வலியும் பட்டு, வயிற்றில் தையலும் பட்டு, ஆறு மாதம் குனிய நிமிர முடியாமல் கிடக்கப்போகிறவள்... 'பெத்தவள்' கணக்கில் சேர்த்தி இல்லை!

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. உங்கள் தெருவிலும் கேட்டுப் பாருங்கள். "டெலிவரியா, ஆபரேஷனா?" என்பதுதான் நம் ஊர்க் கேள்வி. அதாவது, சிசேரியன் என்பது டெலிவரியே அல்ல என்று நாமாகத் தீர்ப்பு எழுதிவிட்டோம். இங்கிலீஷில் அப்படி இல்லை. எந்த வழியில் பிறந்தாலும் டெலிவரிதான். டாக்டர் சீட்டிலேயே 'சிசேரியன் டெலிவரி' என்று எழுதுவார்கள். அந்தச் சொல்லைக் கடன் வாங்கிய நாம், அதற்குள் ஒரு வேலி போட்டு, கிட்டத்தட்டப் பாதிப் பெண்களை வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டோம்.

பாதி என்பது என் ஆவேசக் கணக்கல்ல. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவங்கள் சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் எடுத்துக்கொண்டால் 63.8, அரசு ஆஸ்பத்திரிகளில் 36. இந்தியா முழுக்கச் சேர்த்தால் 21.5தான். இதே ஆய்வு 2015-16-ல் நடந்தபோது நம் மாநிலக் கணக்கு 34.1. நாலைந்து வருஷத்தில் இந்தத் தாவல்!

'சிசேரியன்' என்ற பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரோமாபுரி ஜூலியஸ் சீசர் இப்படிப் பிறந்ததால் இந்தப் பெயர் வந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அது சரியாக இருக்க வழியில்லை. ஏனென்றால், அந்தக் காலத்தில் வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுத்தார்கள் என்றால், தாய் இறந்துபோனாள் அல்லது இறக்கப் போகிறாள் என்று அர்த்தம். சீசரின் தாயார் ஆரேலியாவோ மகன் பெரிய ஆளாகித் தலையெடுத்த பிறகும் உயிரோடு இருந்தார். வெட்டுவது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பெயர் வந்திருக்கலாம் என்கிறார்கள். கீறிய கர்ப்பப்பையை ஒழுங்காகத் தைத்து மூடவேண்டும் என்பதை ஜெர்மனியில் சேங்கர் என்கிற டாக்டர் 1882-ல் எழுதிக் காட்டினார். தாயும் பிழைக்கிற ஆபரேஷனாக அது மாறத் தொடங்கியதே அதற்கப்புறம்தான். தாயின் சாவுக்குப் பிறகு செய்தது, தாயைக் காப்பாற்றச் செய்வதாக ஆயிற்று. விடுதலை என்கிற பழைய அர்த்தத்தில் பார்த்தால், முழுக்க முழுக்க 'டெலிவரி' இதுதான் ஐயா!

'நார்மல்' படுத்தும் பாடு

'டெலிவரி'யின் தம்பி ஒருவன் இருக்கிறான். பெயர் 'நார்மல்'. ஃபோனில் சேதி வந்தவுடனே, "தாயும் பிள்ளையும் சுகமா?" என்று கேட்கிற நல்ல வழக்கம் போய், "நார்மலா?" என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. பிள்ளை ஆணா பெண்ணா என்பதுகூட இரண்டாவது கேள்விதான்!

'நார்மா' என்றால் லத்தீனில் தச்சருடைய மூலைமட்டம். அந்த மட்டத்துக்குச் சரியாக நிற்பது 'நார்மல்'. அப்படியானால் மற்றது..? கோணல்! நாம் வாயால் சொல்வதில்லையே தவிர, கேட்கிற தொனியில் அது வந்துவிடுகிறது.

நம்முடைய 'சுகப்பிரசவம்' இதைவிட நல்ல சொல் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதிலும் ஒரு குறை உண்டு. கீழே கத்தரி வைத்துக் கீறித் தையல் போட்டிருப்பார்கள்; உட்கார முடியாது, ஒன்றுக்குப் போனால் எரியும், ஒரு வாரம் கண்ணில் தண்ணீர் வரும். ஆனால் சீட்டில் 'நார்மல்', வீட்டாருக்கு 'சுகப்பிரசவம்'. சுகம்தானே என்று நாலாம் நாள் தண்ணீர்க் குடம் தூக்க விட்ட வீடுகளை எனக்குத் தெரியும். அடி இறங்கிப்போய், இருமினால் சிறுநீர் கசிகிறது என்று நாற்பது வயதில் என்னிடம் வருகிற பெண்களில் முக்கால்வாசிப் பேர் 'சுகப்பிரசவ'க்காரர்கள். 'நார்மல்' என்ற ஒரு வார்த்தை, அவர்களுக்குக் கிடைக்கவேண்டிய ஓய்வைத் தின்றுவிட்டது. ஆபரேஷன் ஆனவளுக்குப் பெருமை போயிற்று. நார்மல் ஆனவளுக்கு ஓய்வு போயிற்று.

இப்படிச் சொல்வதால் சிசேரியன் கூடிக்கொண்டே போவதை நான் ஆதரிக்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 10-லிருந்து 15 சதவீதத்துக்கு மேல் போக நியாயமில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 1985-ல் சொன்னது. 2015-ல் மறுபடி பேசியபோது, சதவீதக் கணக்கைத் துரத்தாதீர்கள், தேவைப்படுகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் கிடைக்கப் பாருங்கள் என்று சேர்த்துச் சொன்னது. தேவைப்படுகிற பெண்ணுக்கு! ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரத்துக்கு அல்ல. 'வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்குள்ள எடுத்துரணும் டாக்டர்' என்று சீட்டோடு போகிறவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். தக்க காரணம் இல்லாமல் 39 வாரம் முடியுமுன் எடுத்தால் பிள்ளைக்கு மூச்சுத் திணறல் வர வாய்ப்பு கூடுதல். நல்ல நட்சத்திரத்தில் பிறந்த பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடப்பதில் யாருக்கு என்ன லாபம்? இது, ஆர்டர் கொடுத்து வாங்குகிற 'டெலிவரி'. வார்த்தை வேலை செய்கிறது பாருங்கள்!

மறுபக்கம் இன்னொரு கூட்டம். 'நார்மல் நார்மல்' என்று நாம் போட்ட சத்தத்தில், ஆஸ்பத்திரியே வேண்டாம் என்று கிளம்பியவர்கள். 2018-ல் திருப்பூரில் வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப் போய், ஒரு இளம்பெண் ரத்தப்போக்கில் உயிரை விட்டார். 'இயற்கை' என்றும் 'பாரம்பரியம்' என்றும் பேசுகிறவர்கள் எங்கள் சித்த வைத்தியத்தையும் துணைக்கு இழுக்கிறார்கள். அதனால் இந்த இடத்தில் நான் வாயைத் திறந்தே ஆகவேண்டும். சித்த வைத்தியத்தில் பட்டம் வாங்கிய எவரும் உங்களை வீட்டில் பிள்ளை பெறச் சொல்ல மாட்டார்கள். வயிற்றுப் பிள்ளையை வெளியே தள்ளுவது அபானன் என்கிற கீழ்நோக்குக் காற்றின் வேலை என்று எங்கள் நூல்கள் சொல்கின்றன. அந்த வேலை தடைப்பட்டால் தாமதிக்க நேரமில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். பிள்ளை பிறந்தபின் கர்ப்பப்பை சுருங்காமல் ரத்தம் கொட்டினால், கஷாயம் காய்ச்ச அடுப்பு பற்ற வைக்கிற நேரத்தில் காரியம் முடிந்துவிடும். வலி வரட்டும் என்று வீட்டில் விளக்கெண்ணெய் கொடுக்கிற வேலையும் கூடவே கூடாது. அந்த மாமியார் நாலும் வீட்டில்தான் பெற்றார்கள். வாஸ்தவம். வீட்டில் பெற்று, சொல்ல ஆளில்லாமல் போனவர்களின் கதையை யார் வந்து சொல்வது?

திண்டிவனத்தில், நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால், ஒரே ராத்திரியில் மூன்று வீட்டு ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக ஐடா ஸ்கடர் என்கிற இளம்பெண்ணைத் தேடி வந்தார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். அவருடைய அப்பா டாக்டர், அவர் வரட்டுமா என்றால், அந்நிய ஆண் பார்க்கக்கூடாது என்று மறுத்துப் போய்விட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. அந்தப் பெண் தானே டாக்டருக்குப் படித்துத் திரும்பி வந்து தொடங்கியதுதான் இன்றைய வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி. இன்றைக்குத் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கு மேல் பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. 2018-20 கணக்கில் இந்தியாவில் லட்சம் பிரசவத்துக்கு 97 தாய்மார் இறந்தபோது, தமிழ்நாட்டில் 54. அதுவும் அதிகம்தான். ஆனால் இவ்வளவு குறைந்ததற்குக் காரணம் கிராமத்து நர்ஸம்மாவும், ஆரம்ப சுகாதார நிலையமும், 108 வண்டியும்தான். இதை ஒப்புக்கொள்வதில் ஒரு சித்த வைத்தியனுக்கு எந்தக் கௌரவக் குறைச்சலும் கிடையாது. அரசாங்கமே கர்ப்பிணிகளுக்காக 11 சித்த மருந்துகளைத் தொகுத்து 'அம்மா மகப்பேறு சஞ்சீவி' என்று கொடுத்ததே, அது ஆஸ்பத்திரிப் பிரசவத்தோடு சேர்ந்து நிற்கத்தான்.

சீட்டில் உள்ள மற்ற வார்த்தைகள்

டிஸ்சார்ஜ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே மடித்து பீரோவில் வைத்துவிடுகிறோம். 'எஃப்.டி.என்.டி.' என்றால் நிறைமாத நார்மல் டெலிவரி. 'எல்.எஸ்.சி.எஸ்.' என்றால் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் கீறி எடுத்த சிசேரியன். 'ஜி2 பி1 எல்1' என்று போட்டிருந்தால், இது இரண்டாவது சூல், முன்பு ஒரு பேறு, உயிரோடு ஒரு பிள்ளை. அதோடு 'ஏ1' என்று ஒன்று இருந்தால்தான் வீட்டில் சண்டை! அது 'அபார்ஷன்'. டாக்டர் இங்கிலீஷில் கரு தானாகக் கலைந்தாலும் அபார்ஷன், கலைத்தாலும் அபார்ஷன். நம் பேச்சு வழக்கிலோ அபார்ஷன் என்றால் கலைத்தது மட்டும்தான். 'கல்யாணத்துக்கு முன்னால் என்ன நடந்தது?' என்கிற அளவுக்குப் போன குடும்பங்கள் உண்டு. தமிழில் கருச்சிதைவு வேறு, கருக்கலைப்பு வேறு. நம்மிடம் இரண்டு சொல் சுத்தமாக இருக்கும்போது, ஒரே சொல்லில் இரண்டையும் போட்டுக் குழப்புகிற பாஷையை நம்பி ஒரு பெண்ணின் நிம்மதியைக் கெடுக்கலாமா?

பிறகு, 'ட்யூ டேட்'. வண்டிக்கு ட்யூ கட்டுகிறோம், சீட்டுக்கு ட்யூ கட்டுகிறோம். அதனால் டாக்டர் குறித்த தேதியும் தவணைத் தேதி மாதிரி ஆகிவிட்டது. ஒரு நாள் தாண்டினால், "டேட்டு தாண்டிட்டு, இன்னும் டெலிவரி ஆகல" என்று சொந்தபந்தம் எல்லாம் ஃபோன் போட்டு அந்தப் பெண்ணைக் குடைகிறது. அந்தத் தேதி எப்படி வந்தது தெரியுமா? கடைசி விலக்கின் முதல் நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டுவார்கள்; ஜனவரி 1 என்றால் அக்டோபர் 8. மொத்தம் 280 நாள். (28 நாள் மாதமாக வகுத்துப் பாருங்கள், சரியாகப் பத்து மாதம். 'பத்து மாதம் சுமந்து' என்று நம் பாட்டிகள் சொன்னது தப்புக் கணக்கல்ல!) ஆனால் குறித்த அதே தேதியில் பிறக்கிற பிள்ளைகள் நூற்றுக்கு நாலைந்துதான். முன்னே பின்னே ஆவதுதான் இயல்பு. அதற்காகப் பேசாமல் வீட்டில் இருந்துவிடவும் கூடாது; தேதி தாண்டினால் டாக்டரிடம் காட்டி, பிள்ளையின் அசைவையும் தண்ணீரையும் பார்த்துக்கொள்ளவேண்டும். கெடு வைப்பது டாக்டர் வேலை, பக்கத்து வீட்டுக்காரர் வேலை அல்ல.

இனி, என்னிடம் அதிகம் கேட்கப்படுகிற ஒரு கேள்வி. "ஆபரேஷன் ஆனவளுக்குப் பிள்ளை பெத்தா மருந்து கொடுக்கலாமா டாக்டர்?"

தாராளமாகக் கொடுக்கலாம். தையல் ஆறி, வயிறு சரியாகி, சாதாரணச் சாப்பாடு செரிக்கத் தொடங்கியபின், ஆபரேஷன் செய்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, சௌபாக்கிய சுண்டி லேகியம் போன்றவற்றைச் சுண்டைக்காய் அளவில் ஆரம்பிக்கலாம். சர்க்கரை வியாதியோ ரத்தக்கொதிப்போ உள்ளவர்கள், அதில் சேர்கிற வெல்லம், நெய் அளவை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும். ஆனால், 'ஆபரேஷன் உடம்பு, சீழ் வச்சிரும்' என்று பருப்பையும் காயையும் மறுத்து, தாகத்துக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் காயப்போடுகிறார்களே, அது எந்தச் சித்தர் சொன்ன பத்தியமும் அல்ல. பால் ஊறத் தண்ணீர் வேண்டும், புண் ஆறப் பருப்பும் முட்டையும் கீரையும் வேண்டும்.

"முதுகில ஊசி போட்டாவ, அதான் இடுப்பு வலி" என்பதும் ஊர் முழுக்க உண்டு. ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கும். மாதக்கணக்கில் வலிப்பதற்கு அந்த ஊசியைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. நார்மல் ஆனவர்களுக்கும் இதே வலி வருகிறது. வயிற்றுத் தசை தளர்ந்திருக்கும். குனிந்த முதுகோடு பால் கொடுப்பார்கள். நான் முன்னால் சொன்ன அந்தப் பெண்ணுக்கும் அதுதான் சங்கதி. சுவரில் சாய்ந்து, மடியில் தலையணை வைத்துப் பிள்ளையை உயர்த்திப் பால் கொடுக்கச் சொன்னேன். இடுப்புக்குத் தடவ ஒரு தைலமும் கொடுத்தேன், வயிற்றுத் தையல் பக்கம் போகாமல். நோட்டில் 'பேறு - ஒன்று' என்று தமிழில் எழுதி, மாமியாருக்கும் கேட்கும்படி சத்தமாக வாசித்தேன்.

மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப அந்த மருந்து இவளுக்கும் கிண்டலாம்லா?" என்று மட்டும் கேட்டார்கள்.

கிண்டலாம் என்றேன். காய்ச்சல், தையலில் நீர்க்கசிவு, நாற்றத்தோடு போக்கு, இதில் ஏதாவது ஒன்று தெரிந்தால் லேகியத்தை மூடி வைத்துவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவேண்டும் என்றும் சொல்லி அனுப்பினேன்.